தொற்றுத் தொடர்பு கண்டறியும் பணியாளரின் மனநலமும் திருச்சபையின் மேய்ப்புப் பணியும்

முன்னுரை

கோவிட் 19 பெருந்தொற்றின் நாள்களில் திருச்சபை யார் யாருக்காக மன்றாடியது என்பதை நம் சபைகளின் மன்றாட்டுப் பட்டியல்களே காட்டும். நோயுற்றோர், துக்கமடைந்தோர், மருத்துவர், செவிலியர், ஆட்சியாளர் ஆகியோர் அவற்றில் இடம்பெற்றனர். ஆனால் வீடு வீடாகச் சென்றும் தொலைபேசியில் அழைத்தும், நோயுற்றவர் யாரோடெல்லாம் பழகினார் என விசாரித்து, அவ்வாறு பழகியவர்களைத் தனித்திருக்கச் சொன்ன பணியாளரை எத்தனை சபைகள் நினைத்தன? அவர்கள் மருத்துவமனையில் நின்று உயிர் காக்கவில்லை, ஆகவே புகழப்படவில்லை. நல்ல செய்தி எதையும் கொண்டுவரவில்லை; ஆகவே வரவேற்கப்படவும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று அறிவித்த பன்னாட்டுப் பொதுச் சுகாதார நெருக்கடி, 2023 மே 5 அன்று முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. நெருக்கடி முடிந்தது. ஆனால் அதைச் சுமந்தவர்களின் உள்ளத்திலும் அது முடிந்துவிட்டதா என்பது வேறு வினா. அவர்களுள் சிலர் ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களைப் பராமரிக்கும் பொறுப்புடைய நாம் அவர்கள் செய்த பணி இன்னதென்றே சரியாக அறியோம்.

துன்பச் செய்தியை மட்டும் கையில் கொடுத்து, துயர் தீர்க்கும் வழி எதையும் கொடாமல் ஒருவரை அனுப்புவதே இப்பணியாளரின் உள்ளத்தை நலிவித்தது. அவரோடு உடன்செல்லும் ஒரு சமூகம் இருந்த இடத்தில் அதே பணி மனநிறைவுக்கு ஊற்றாயிற்று. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பணியின் இயல்பு

தொற்றுத் தொடர்பு கண்டறிதல் புதிய முறையன்று. பெரியம்மையை ஒழித்த காலத்தில் சுகாதாரப் பணியாளர் நோயாளியைத் தேடிக் கண்டு, அவரைச் சூழ்ந்திருந்தோருக்கெல்லாம் அம்மை குத்தினர். இம்முறையால் இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு அந்நோய் அற்றுப்போயிற்று. தொழுநோய்ப் பணியிலும் இவ்வழக்கம் உண்டு. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கப்பட்ட தொழுநோய் மருத்துவ நிலையத்தைப் போன்ற கிறிஸ்தவ நிறுவனங்களின் களப் பணியாளர், ஊர் ஊராகச் சென்று நோயுற்றோரின் குடும்பத்தாரைப் பரிசோதித்து வந்தனர். ஆகவே இப்பணி நம் திருச்சபையின் வரலாற்றுக்கு அந்நியமானதன்று.

கோவிட் 19 நோயில் இம்முறைக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருந்தது. நோய்க்குறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் முன்னரே ஒருவர் பிறருக்கு நோயைக் கொடுக்கக்கூடும். ஆகையால் பணியாளர், நோயாளி படுத்த நாளிலிருந்து அல்ல, அவர் நலமாக நடமாடிய நாள்களிலிருந்தே கேட்கவேண்டியிருந்தது. எந்தக் கடைக்குப் போனீர்? எந்த வீட்டில் உணவு உண்டீர்? பேருந்தில் அருகே அமர்ந்தவர் யார்? இவ்வாறு பெற்ற பெயர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவரையும் தேடி, பரிசோதனைக்கு அனுப்பி, தொடக்க காலத்தில் 14 நாள் வீட்டைவிட்டு வெளியேறாதிருக்கச் சொல்லி, நாள்தோறும் நலம் விசாரிக்கவேண்டும். நோயாளி இன்னார் என்பதையும் இயன்றவரை மறைக்கவேண்டும். விசாரணை அதிகாரியின் கூர்மை, செவிலியின் பரிவு, பாவ அறிக்கை கேட்கும் குருவானவரின் இரகசியம் காக்கும் பண்பு ஆகிய மூன்றும் ஒருவரிடமே எதிர்பார்க்கப்பட்டன.

நம் நாட்டில் இப்பணியைச் சுமந்தவர் பெரும்பாலும் சுகாதாரத் துறையின் கடைசிப் படியில் நின்றவர்களே. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், மாநகராட்சிகள் தற்காலிகமாக அமர்த்திய களப் பணியாளர் ஆகியோரும், பிற மாநிலங்களில் 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ் வந்த ஆஷா பணியாளரும் இதைச் செய்தனர். ஆஷா பணியாளர் அனைவரும் பெண்கள். ஊதியம் பெறும் ஊழியராகவன்றி, ஊக்கத்தொகை பெறும் தொண்டராகவே அவர்கள் கருதப்பட்டனர். பெருந்தொற்றுப் பணிக்கென மத்திய அரசு அவர்களுக்கு அறிவித்த கூடுதல் தொகை மாதம் 1,000 ரூபாய்.

2. உள்ளத்தை நலிவித்தவை

இப்பணியாளரின் துன்பம் நோய் தொற்றிவிடுமோ என்னும் அச்சம் மட்டுமே என நாம் எண்ணுவது இயல்பு. அவ்வச்சம் மெய்யே. அதிலும், தம்மால் தம் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நோய் வந்துவிடுமோ என்னும் அச்சம் தம்மைப் பற்றிய அச்சத்தினும் பெரிதாக இருந்தது. ஆயினும் அதற்கு அப்பாலும் சில சுமைகள் இருந்தன.

முதலாவது, பகைமை. 2020 ஏப்ரல் 1 அன்று இந்தூரில் நோய்த்தொடர்பு விசாரிக்கச் சென்ற சுகாதாரப் பணியாளர்மீது மக்கள் கல்லெறிந்தனர். அதே மாதத்தில் சென்னையில் அந்நோயால் மரித்த ஒரு மருத்துவரின் நல்லடக்கத்தையே கூட்டத்தார் வன்முறையால் தடுத்தனர். 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, சுகாதாரப் பணியாளருக்குப் படுகாயம் விளைவிப்போருக்கு 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் 2020 ஏப்ரல் 22 அன்று பிறப்பிக்கப்பட்டதென்றால், நிலைமை எத்தகையது என்பதை ஊகிக்கலாம். கல்லெறிதல் எங்கும் நடக்கவில்லை. ஆனால் கதவை அறைந்து சாத்துதலும், பொய்ப் பெயர் கொடுத்தலும், உன்னாலேயே எங்களுக்கு ஊரில் அவப்பெயர் எனத் திட்டுதலும் எங்கும் நடந்தன.

இரண்டாவது, கொடுக்க ஒன்றுமின்மை. அன்றாடக் கூலிக்குச் செல்லும் ஒருவரிடம் 14 நாள் வெளியே போகாதீர் என்று சொல்வது, 14 நாள் உண்ணாதீர் என்று சொல்வதற்கு ஒப்பாகும். அவர் திருப்பிக் கேட்ட கேள்விக்குப் பணியாளரிடம் பெரும்பாலும் விடையில்லை. விதியை அறிவிக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. விதியால் விளையும் பசியைத் தீர்க்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. வீட்டு வாசலில் அறிவிப்புத் தாள் ஒட்டுதல், தெருவைத் தகரத்தால் அடைத்தல் போன்றவை மேலிடத்து ஆணைகளால் நடந்தபோதும், அவ்வீட்டார் கண்ட முகம் இப்பணியாளரின் முகமே. வீடுகளில் அறிவிப்பு ஒட்டுவதைப் பொதுவான வழக்கமாகக் கொள்ளலாகாது என 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அதற்குள் எத்தனையோ அயலாரின் உறவு முறிந்துபோயிருந்தது.

மூன்றாவது, இரகசியத்தின் பாரம். ஒருவர் எங்குச் சென்றார், யாரோடு இருந்தார் எனக் கேட்கும்போது குடும்பத்தாரும் அறியாத பல செய்திகள் வெளிவரும். கடன், குடிப்பழக்கம், தகாத உறவு, மறைத்த பழைய நோய் ஆகியவற்றையெல்லாம் கேட்டபின், அவற்றை எவரிடமும் சொல்லாமல் வீடு திரும்பவேண்டும். இரகசியம் காக்கும் பயிற்சி போதகருக்கு இறையியற் கல்லூரியில் அளிக்கப்படுகிறது. சில நாள் பயிற்சியோடு களத்திற்கு அனுப்பப்பட்டவருக்கு அது யாரால் அளிக்கப்பட்டது?

நான்காவது, முடிவற்ற எண்ணிக்கை. நோய் பெருகிய வாரங்களில் ஒரு பட்டியல் முடியுமுன் மறு பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயரும் ஒரு மனிதர் என்னும் உணர்வோடு தொடங்கியவர், நாளடைவில் பெயர்களை எண்களாகவே காணத் தலைப்பட்டார். பின்பு அவ்வாறு கண்டதற்காகத் தம்மையே நொந்துகொண்டார்.

இந்நிலையை உளநூலார் ஆராய்ந்துள்ளனர். பிறருக்குப் பணிசெய்வோரிடம் காணப்படும் பணிக்களைப்பைக் குறித்து 1974இல் அமெரிக்க உளமருத்துவ அறிஞர் பிராய்டன்பெர்கர் எழுதினார். அதனை அளக்கும் முறையொன்றை மாஸ்லாக், ஜாக்சன் என்னும் இருவர் 1981இல் வெளியிட்டனர். அவர்கள் அதில் மூன்று கூறுகளைக் கண்டனர்: உணர்ச்சி வற்றிப்போதல், மனிதரை மனிதராகக் காணும் ஆற்றல் மங்குதல், தாம் செய்வதால் பயனில்லை என்னும் எண்ணம். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பகுப்புப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் இதனை ஒரு நோயாகவன்றிப் பணியோடு தொடர்புடைய நிலையாகக் குறித்துள்ளது. இது மேய்ப்பருக்கு முக்கியமானது. களைத்துப்போன பணியாளர் விசுவாசத்தில் குறைந்தவர் அல்லர். குணத்தில் பலவீனரும் அல்லர். குறை பெரும்பாலும் பணி அமைக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

வேறொரு காயமும் உண்டு. தன் மனச்சான்றுக்கு ஒவ்வாததைச் செய்ய நேர்ந்ததாலோ, செய்யவேண்டியதைச் செய்ய இயலாமற்போனதாலோ உண்டாகும் அக்காயத்தைப் போர்வீரரிடையே பணிசெய்த மருத்துவர் ஜோனதன் ஷே 1990களில் விளக்கினார். மனச்சான்றின் காயம் என நாம் அதை அழைக்கலாம். ஓய்வு களைப்பைத் தீர்க்கும், இக்காயத்தைத் தீர்க்காது. உண்மையைச் சொல்லவும், கேட்கப்படவும், மன்னிப்பைப் பெறவும் இடம் வேண்டும். திருச்சபை அவ்விடமாக இருக்கவேண்டியது.

3. பணியில் மனநிறைவு

இத்தனை துன்பங்களுக்கிடையிலும் இப்பணியில் மனநிறைவு கண்டவர் உண்டு. இது முரண்பாடன்று. 1959இல் ஹெர்ஸ்பெர்க் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் தம் தோழர்களுடன் வெளியிட்ட ஆய்வில், பணியில் மனக்குறை தருபவையும் மனநிறைவு தருபவையும் ஒரே தராசின் இரு தட்டுகள் அல்ல என்று கூறினார். ஊதியம், பணிச்சூழல், மேலாளரின் நடத்தை ஆகியவை கெட்டால் மனக்குறை வரும். அவை சீரானதாலேயே நிறைவு வந்துவிடாது. செய்த காரியம் பயன் தந்தது என்னும் உணர்வு, பணியின் உட்பொருள், பொறுப்பு, பிறர் அதை அறிந்து ஏற்றல் ஆகியவற்றாலேயே நிறைவு வரும். ஆகவே ஒருவர் தம் பணியை நேசித்துக்கொண்டே அதனால் நொறுங்கிப்போகவும் கூடும். போதகராகிய நாம் இதனை நம் அனுபவத்திலேயே அறிவோம்.

இக்கருத்தை எளிதில் தவறாகப் பயன்படுத்தலாம் என்பதையும் கூறவேண்டும். உட்பொருள் மிக்க பணி என்று புகழ்ந்து, கூலியைக் குறைப்பது அநீதி. 2020 மார்ச் 22 மாலையில் நாடெங்கும் மக்கள் வாசலில் நின்று கைதட்டினர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், நியாயமான ஊதியமும் பாதுகாப்புக் கருவிகளும் வேண்டும் என்று ஆஷா பணியாளர் வேலைநிறுத்தம் செய்தனர்; ஏறத்தாழ 6 இலட்சம் பேர் கலந்துகொண்டதாகச் சங்கங்கள் கூறின. 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் ஆஷா பணியாளரைச் சிறப்பித்து விருது வழங்கிற்று. விருது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அது கூலிக்கு ஈடாகாது.

இப்பணியின் பயன் கண்ணுக்குப் புலப்படாதது என்பதே மனநிறைவுக்கு உள்ள பெருந்தடை. தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பணியாளர் திரட்டிய விவரங்களைக்கொண்டு எழுதப்பட்ட ஓர் ஆய்வு 2020 செப்டம்பர் இறுதியில் சயன்ஸ் என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. நோய் உறுதிசெய்யப்பட்ட 84,965 பேரோடு தொடர்புடைய 5,75,071 பேரின் விவரங்கள் அதில் ஆராயப்பட்டன. ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ ஏழு பேர் என்ற கணக்கில் யாரோ ஒருவர் தேடிச் சென்றிருக்கிறார்! நோயாளிகளுள் ஏறத்தாழ பத்தில் ஏழு பேரின் தொடர்புகளில் புதிதாக நோய் காணப்படவில்லை என்பதும், மிகச் சிலர் வழியாகவே பெரும்பகுதித் தொற்று பரவியது என்பதும் அவ்வாய்வின் முடிவுகள்.

பணியாளரின் நிலையிலிருந்து இதைக் காண்போம். அவர் தட்டிய கதவுகளுள் பெரும்பாலானவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. வசைதான் கிடைத்தது. ஆனால் எந்தக் கதவின் பின்னே பலருக்கு நோய் கொடுக்கக்கூடியவர் இருக்கிறார் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. ஆகவே எல்லாக் கதவுகளையும் தட்டியே ஆகவேண்டும். ஒரு சங்கிலியை அறுத்தபோது நோயுறாமற்போனவர் யார் என்பதை எவரும் அறியார். அவர் வந்து நன்றி கூறவும் மாட்டார், ஏனெனில் தாம் காக்கப்பட்டதை அவரே அறியார். உலக அறிவியலுக்கு விவரம் அளித்த அப்பெண்களுள் எத்தனை பேருக்கு, உங்கள் உழைப்பால் இன்னது அறியப்பட்டது என்று ஒருவர் சொல்லியிருப்பார்?

4. திருமறையின் ஒளியில்

லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களில் ஆசாரியன் தொற்றுநோயை ஆராய்பவனாகக் காணப்படுகிறான். அந்நோய் விதிகளை இன்றைய மருத்துவத்தோடு ஒப்பிடுவதும், நோயைப் பாவமெனக் கொள்வதும் நம் நோக்கமன்று. பணியின் அமைப்பே இங்குக் கவனிக்கத்தக்கது. ஐயத்திற்குரியவனை ஏழு நாள் தனித்திருக்கச் செய்பவன் ஆசாரியனே. ஏழாம் நாளில் மறுபடியும் சென்று பார்ப்பவனும் அவனே. குணமானவனைக் காணப் பாளயத்திற்குப் புறம்பே போய், அவனைச் சமூகத்திற்குள் மீண்டும் அழைத்துவரும் சடங்கைச் செய்பவனும் அவனே. விலக்கும் சொல்லும் சேர்க்கும் சொல்லும் ஒரே வாயிலிருந்து வந்தன. நம் காலத்துப் பணியாளருக்கோ விலக்கும் சொல் மட்டுமே கொடுக்கப்பட்டது. சேர்க்கும் சொல்லைச் சொல்ல எவரும் நியமிக்கப்படவில்லை.

2 சாமுவேல் 18ஆம் அதிகாரம் இன்னும் நெருங்கியது. அப்சலோம் மாண்ட செய்தியைத் தாவீதிடம் கொண்டுபோக ஆசாரியனின் மகனாகிய அகிமாஸ் விரும்புகிறான். யோவாப் அவனைத் தடுத்து, அந்நியனாகிய கூஷியை அனுப்புகிறான். துன்பச் செய்தி கொண்டுவந்தவன் கொல்லப்பட்டதை யோவாப் அறிவான் (2 சாமு. 1:15). ஆகவே உயர்குடிப் பிள்ளையைக் காத்து, காப்பார் அற்றவனை அனுப்பினான் எனக் கொள்வதற்கு இடமுண்டு. பின்னும் வற்புறுத்தி ஓடிய அகிமாஸ் முந்திச் சென்றான்; ஆனால் அரசன் மகனைப் பற்றிக் கேட்டபோது, அறிந்ததை அறியாதவன்போல் மழுப்பினான். உண்மையைச் சொன்னவன் கூஷியே. அரசன் அழுதுகொண்டு மேல்வீட்டிற்கு ஏறிப் போனான். அதன்பின் கதை அரசனின் துக்கத்தோடு செல்கிறது. கூஷி என்ன ஆனான் என்பதைத் திருமறை கூறவில்லை. அவன் எங்கே உட்கார்ந்தான்? யார் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்? நம் நாட்டில் கதவுகளைத் தட்டியவர்களும் கூஷியின் இனத்தாரே. நாமோ பல வேளைகளில் அகிமாசாக இருந்தோம்.

எசேக்கியேல் 33:1-9 காவற்காரனின் பொறுப்புக்கு எல்லை வகுக்கிறது. எச்சரிப்பது அவன் கடமை. கேட்பவர் செவிகொடுப்பது அவன் கையில் இல்லை. நான் இன்னும் ஒருமுறை சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரே என்று வருந்தும் பணியாளருக்கு இப்பகுதி ஆறுதலாகும். ஆனால் உண்மையைக் கேட்டறிந்த பின்பே இதைச் சொல்லவேண்டும். கேளாமுன் சொன்னால் அது வாயடைப்பாகும்.

லூக்கா 17:11-19இல் பத்துப் பேர் குணமாகி ஒருவனே திரும்பிவந்தான். நன்றி எதிர்பாராமல் பணிசெய்க என்று நாம் பிரசங்கிப்பதுண்டு. ஆயினும் மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவரே கேட்டார். நன்றி பெறாமையைக் கவனிப்பது பாவமன்று என்பதற்கு இது போதிய சான்று.

5. ஒரு சபையின் அறிக்கை

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை மறைப்பது நேர்மையாகாது. 2021 ஏப்ரலில், இரண்டாம் அலை எழும்பிய நாள்களில், அடியேன் ஊழியம் செய்த சபையில் ஓர் அடக்க ஆராதனை நடந்தது. அனுமதிக்கப்பட்டதைவிட அதிகமானோர் கூடினர். சில நாளில் அவர்களுள் ஒருவருக்கு நோய் உறுதியாயிற்று. எங்கள் சபையின் உறுப்பினரும் கிராம சுகாதார செவிலியருமான ஒரு சகோதரி, வந்திருந்தோர் பட்டியலைக் கேட்டார். சபைப் பெரியோர் வழக்கு வருமோ என அஞ்சினர். சில பெயர்களை விட்டுவிட்டு ஒரு பட்டியலைக் கொடுத்தோம். அது என் கையொப்பத்துடன் சென்றது. மனம் உறுத்தி முழுப் பட்டியலையும் கொடுக்க இரண்டு நாள் ஆயிற்று. விடுபட்டவர்களுள் இருந்த ஒரு முதியவர் பின்பு நோயுற்று மரித்தார். அந்த இரண்டு நாள் அவர் உயிரைக் காத்திருக்குமா என்பதை எந்த மருத்துவரும் சொல்ல முடியாது.

ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் அச்சகோதரி என்னிடம் வந்தார். உறக்கமின்மையைப் பற்றிப் பேசத் தொடங்கி, இறுதியில் அம்முதியவரிடம் வந்து நின்றார். “பட்டியல் குறைவாக இருக்கிறதென்று எனக்கு அன்றே தெரியும், ஐயா. சபையாயிற்றே என்று மறுபடி கேட்காமல் விட்டேன். அது என் குற்றம்” என்றார். ஓராண்டாக எங்கள் குற்றத்தை அவர் சுமந்திருந்தார்! “அம்மா, அது உங்கள் குற்றமன்று; என் கையொப்பம்” என்று நான் சொன்னபோது அவர் நெடுநேரம் அழுதார். பின்பு சபைப் பெரியோரும் அவரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டனர். அவர் முழுவதும் ஆறிவிட்டார் எனச் சொல்லேன். மருத்துவரின் உதவியும் அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் பாரம் உரியவர் தோளுக்கு மாறியது.

அப்பணியில் உங்களுக்கு நிறைவு தந்தது எதுவும் உண்டா என்று அவரைக் கேட்டேன். நம் வாலிபர் சங்கத்தார் சில வாரங்கள் அரிசியும் பருப்பும் சேர்த்துத் தந்ததை நினைவூட்டினார். “அந்தப் பையோடு போன நாள்களில் திட்டினாலும் எனக்கு உறக்கம் வந்தது, ஐயா. வெறுங்கையோடு போன நாள்களில்தான் உறங்கவில்லை” என்றார். நூல்கள் பல பக்கங்களில் கூறுவதை அவர் இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டார். வாலிபர் சங்கம் அதை ஒரு சிறு தருமமாக எண்ணியிருந்தது. ஒரு பணியாளரின் உள்ளத்தைக் காத்ததென எண்ணவில்லை.

6. மேய்ப்பர் செய்யத்தக்கவை

முதலாவது, தேடிச் செல்லவேண்டும். பிறரைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர் தம்மைத் தேடுவார் எவருமின்றி இருப்பதுண்டு. சபையில் சுகாதாரக் களப் பணியாளர் யார் யார் என்பதை அறிந்து, அவர்கள் வீட்டைச் சந்திக்கவேண்டும். அப்போது அப்பணியின் நாள்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று திறந்த முறையில் கேட்டு அமைதியாயிருத்தல் நலம். தேவன் உங்களுக்குப் பலன் அளிப்பார் என்று உடனே முடித்துவிடலாகாது. பெயர்களைச் சொல்லுமாறு கேட்கவும் கூடாது. அவர் காக்கும் இரகசியத்தை நாமும் மதிக்கவேண்டும்.

இரண்டாவது, உடலைக் கவனிக்கவேண்டும். சோர்ந்த எலியாவுக்குத் தூதன் முதலில் உபதேசம் செய்யவில்லை, உறங்கவும் உண்ணவும் செய்தான் (1 இரா. 19:5-8). நீண்ட நாள் உறக்கமின்மை, காரணமற்ற சினம், எதிலும் விருப்பமின்மை, மதுவை நாடுதல், சாவைப் பற்றிய பேச்சு ஆகியவற்றைக் காணின், மன்றாட்டோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரிடம் அனுப்பவேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் அரசின் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். இவ்வெண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல் நன்று.

மூன்றாவது, பணியைப் பகிரவேண்டும். எத்திரோ தன் மருமகனின் பக்தியைக் குறைகூறவில்லை, பணியின் அமைப்பையே குறைகூறினான் (யாத். 18:13-27). தொற்று எழும்பினால் தனித்திருக்கும் வீடுகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுசேர்க்கும் குழுவொன்றைச் சபை முன்னரே ஏற்படுத்தி, அதை அவ்வூர் சுகாதார செவிலியருக்கு அறிவிக்கட்டும். கதவைத் தட்டுபவர் வெறுங்கையோடு நிற்கலாகாது. தனிமை முடிந்தவரை மீண்டும் வரவேற்கும் சேர்க்கும் சொல்லையும் சபையே சொல்லட்டும்.

நான்காவது, மெய்யைச் சொல்லவேண்டும். கூடிவந்தோர் பட்டியலைக் கேட்டால் முழுமையாகக் கொடுப்பது சாட்சியின் ஒரு பகுதி. சபையின் நற்பெயருக்காகப் பெயர்களை மறைப்பது, அப்பாரத்தை எளியவர் ஒருவரின் மனச்சான்றின்மேல் வைப்பதாகும்.

ஐந்தாவது, நீதிக்காகப் பேசவேண்டும். உரிய ஊதியம், பாதுகாப்புக் கருவி, ஓய்வு நாள் ஆகியவை மனநலத்திற்குப் புறம்பான அரசியல் அல்ல. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதும் (கலா. 6:2), கூலியை நிறுத்திவைப்போருக்கு எதிராக எழும்பும் கூக்குரலைக் கேட்பதும் (யாக். 5:4) ஒரே நற்செய்தியின் கூறுகளே.

இறையியல் மாணவருக்கு ஒரு சொல். மேய்ப்பியல் வகுப்பில் நோயுற்றோரைச் சந்திக்கக் கற்கிறீர்கள். நோயுற்றோரைத் தேடிச் செல்வோரைச் சந்திக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். காசநோயாளியின் குடும்பத்தாரைத் தேடிச் செல்லும் பணியாளர் இன்றும் நம் தெருக்களில் நடக்கின்றனர். ஒரு நாள் அவர்களோடு நடந்து பாருங்கள்.

முடிவுரை

மற்றொரு கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை எவரும் அறியோம். வருமாயின், மீண்டும் யாரோ ஒருவர் கையில் பட்டியலோடு கதவைத் தட்டவேண்டியிருக்கும். தட்டுபவர் துன்பச் செய்தியோடு தனியே நிற்பாரா, சபை கொடுத்த அரிசிப் பையோடு நிற்பாரா என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது. அது வரும்வரை, முன்பு தட்டியவர்களை நாம் மறவாதிருப்போம். இவ்வாரப் பொது மன்றாட்டுப் பட்டியலில் அவர்களுக்கு ஓர் இடம் கொடுப்பதோடு தொடங்கலாம். ஆராதனை முடிந்தபின் அவர்கள் வீட்டு வாசலுக்கு நாமே நடந்து செல்வோமாக.